மணி பிளான்ட் கேட்டு வாங்கக் கூடாது

எங்கள் வீட்டுச் சுவருக்குச் சொறி பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னவர் காரியாபட்டிப் பெரியம்மாதான். சிவகாசியில் நான்கு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு காம்பவுண்டில் மூன்றாவது வீடு எங்களுடையது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, வெளியே மொட்டைமாடிக்கு ஏறும் படிக்கட்டு. அறையின் மேற்குச் சுவரில் உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டே இருக்கும். கட்டிலில் படுத்தால் காலையில் தலையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும். பெரியம்மா வந்த அன்று காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்னடி இது, செவுத்துக்குச் சொறி புடிச்சிருக்கு" என்றார். அம்மா சிரித்து மழுப்பினாள். ஆனால் பெரியம்மா பஸ் ஏறிப் போன பிறகு வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா வீட்டிலிருந்து அம்மாவும் சும்மா வந்ததில்லை. அதற்கு முந்தைய மாதம் காரியாபட்டிக்குப் போயிருந்தபோது அவர் வீட்டு மணி பிளான்ட்டில் ஒரு முழம் கிள்ளி முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வந்திருந்தாள். மணி பிளான்ட்டைக் கேட்டு வாங்கினால் வளராது, திருடித்தான் வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பெரியம்மாவுக்கும் தெரியும். அம்மா கொடிப் பக்கம் போனதும், அடுப்பில் ஏதோ இருப்பதுபோல அவர் உள்ளே எழுந்து போனதை நானே பார்த்தேன். திருடுகிறவரும் திருட்டுக் கொடுக்கிறவரும் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ளும் வேறொரு களவை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த பெரியம்மா அதே கொடி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் செழித்து நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றுமே தெரியாதவர்போல, "நல்லா வந்திருக்கே" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவின் தோட்டம் முழுக்கவே இப்படிக் காசு செலவில்லாமல் வந்ததுதான். படிக்கட்டில் ஒரு படிக்கு ஒன்றாக அச்சு மை டப்பாக்கள் இருந்தன. அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கண்மாய் மண் நிரப்பி, பத்துமணிப் பூவும் கற்பூரவல்லியும் வெந்தயக் கீரையும் வைத்திருந்தாள். ஒரு ரோஜாவும் உண்டு. அது பூக்கவே இல்லை, இருந்தாலும் அதற்குத்தான் கவனிப்பு அதிகம். அரிசி களைந்த தண்ணீர், டீத்தூள் சக்கை, முட்டை ஓடு எல்லாம் அதற்கே போகும். குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிய விஷயம் என்பதால், நாங்கள் முகம் கழுவிய தண்ணீர்கூட நேராகச் சாக்கடைக்குப் போனதில்லை.

மை டப்பாக்களைக் கொண்டுவந்தவர் அப்பா. அவர் ஒரு காலண்டர் கம்பெனியில் ஆப்செட் மெஷின் ஓட்டினார். சாயங்காலம் அவர் நகத்தைப் பார்த்தாலே அன்று எந்தக் கலர் ஓடியது என்று நான் சொல்லிவிடுவேன். காலி டப்பா ஒவ்வொன்றுக்கும் மேனேஜரிடம் கேட்டு, சரி என்ற பிறகுதான் பையில் வைப்பார். காகிதம் மட்டும் ஒரு துண்டுகூடக் கொண்டுவரமாட்டார். கம்பெனித் தாள் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். தெருவில் மற்ற பிள்ளைகள் எல்லாரும் பாடப் புத்தகத்துக்குச் சாமி படம் போட்ட வழவழப்பான தாளில் அட்டை போட்டிருப்பார்கள். காலண்டர் கம்பெனிக்காரர் மகளான நான் பழைய செய்தித்தாளில் போட்டுக்கொண்டு போவேன். எனக்கு அதில் அப்பா மேல் தீராத கோபம்.

அப்பேர்ப்பட்ட அப்பா ஆனி மாதத்தில் ஒரு நாள் சைக்கிளில் ஒரு தாள் சுருளைக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "செவுத்துக்கு ஒட்டு" என்று அம்மாவிடம் நீட்டினார். அம்மா அவர் முகத்தையே பார்த்தாள்.

"கேட்டுத்தான் கொண்டாந்தீகளா?"

"செட்டிங் தாளுதான். ஒண்ணு மேல ஒண்ணா அடிச்சு எதுவும் வெளங்காது. வேஸ்ட்டுக்குப் போறதுதானே" என்றார் அப்பா. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

மெஷினில் கலர் சரியாக விழுகிறதா என்று பார்க்க, அடித்த தாளையே திரும்பத் திரும்ப விட்டு அடிப்பார்கள். அதுதான் செட்டிங் தாள். ஒரு குழந்தையின் கன்னத்தில் டிராக்டர் ஓடும். அருவிக்குள்ளிருந்து ஒரு கோபுரம் எழுந்து நிற்கும். ரோஜாத் தோட்டத்துக்கு நடுவே ஆவணி மாதத்துத் தேதிகள் மிதக்கும். அம்மா மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து பசை செய்தாள். சாமியின் கையோ காலோ தெரிகிற தாள்களைத் தனியாகப் பிரித்தாள். தூங்கும்போது அவற்றுக்கு நேரே கால் நீட்டிவிடக் கூடாது என்று அவை மட்டும் விட்டத்தை ஒட்டி உயரத்துக்குப் போயின. மற்றவை எல்லாம் கீழே. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் சொறிச் சுவர் காணாமல் போய்விட்டது.

அந்தச் சுருளின் நடுவில் ஒரு தாள் மட்டும் தெளிவாக இருந்தது. அதிகம் அடிபடாத தாள். தாமரைக் குளத்தில் ஒரு ஓடம், ஓடத்தில் அகல்விளக்கை ஏந்தி உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி. சிவப்பு மட்டும் சற்று விலகி விழுந்திருந்ததால் அவளுக்குப் பின்னால் செக்கச்செவேலென்று இன்னொரு சிறுமி தெரிந்தாள். அம்மா அதைக் கட்டிலுக்கு நேரே ஒட்டினாள். பாட்டிலிலிருந்த மணி பிளான்ட்டை நூல் கட்டி ஆணிக்கு ஆணி இழுத்து, ஓடத்துக்கு மேலே தொங்கவிட்டாள். "குளத்தங்கரையில கொடி இருந்தாத்தான நல்லாருக்கும்" என்றாள்.

அந்த மதியங்களை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் செருகுகிறது. வெளியே வெயில் கொளுத்தும். எங்கோ நாரணாபுரம் பக்கம் பட்டாசு ஆலையில் சோதனைக்கு வெடிக்கும் வெடிச் சத்தம் ஒன்றிரண்டு, தூக்கத்தில் கேட்பதுபோலக் கேட்கும். ஃபேன் காற்றில் மணி பிளான்ட் இலைகள் அசையும். அவற்றின் நிழல் குளத்தின் மேல் அசையும். பார்த்துக்கொண்டே இருந்தால் ஓடம் மெல்ல நகர ஆரம்பிக்கும். பின்னால் இருக்கும் சிவப்புச் சிறுமி நான்தான் என்று முடிவு செய்திருந்தேன். முன்னால் இருக்கிறவள் விளக்கைப் பார்த்துக்கொள்வாள், நான் தண்ணீரில் கை விட்டுக்கொண்டு வருவேன். அந்தக் குளத்தில் வாரம் முழுக்கத் தண்ணீர் இருந்தது. நாங்கள் எங்கே போகிறோம் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இவ்வளவு பெரிய சொத்தை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க ஒன்பது வயதில் முடியுமா? பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் சிநேகிதியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் நேரிலேயே பார்க்க வந்துவிட்டாள். கட்டிலில் பக்கத்தில் படுக்கவைத்து ஓடம் நகர்வதைக் காட்டினேன். அவளுக்கும் நகர்ந்தது. சிவப்புச் சிறுமி இடத்தை மட்டும் அவளுக்குக் கொடுக்கவில்லை.

அவளைக் கூட்டிப்போக அவளுடைய தாய்மாமா பைக்கில் வந்தார். அவரும் காலண்டர் தொழில்தான், வேறொரு கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிறவர். அந்த நேரம் பார்த்துத் தெருமுனைக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதால் அம்மா குடங்களோடு ஓடியிருந்தாள். மாமா வாசலில் நின்றபடியே படிக்கட்டுச் செடிகளைப் பார்த்தார். "யாரு வச்சது? ஒங்கம்மாவா? கெட்டிக்காரி" என்று பாராட்டினார். சிநேகிதி, "உள்ள வந்து ஓடத்தப் பாருங்க மாமா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே வந்தார். சுவருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, கொடியை விரலால் ஒதுக்கிவிட்டுப் பார்த்தார்.

"இந்தப் புள்ள ஒன்னய மாதிரியே இருக்கே தாயி. பக்கத்துல நில்லு, ஒரு போட்டோ எடுப்போம்."

எங்கள் வீட்டில் அப்போது பட்டன் போன்தான் இருந்தது. நான் ஓடிப் போய் முகத்தைத் துடைத்து, பொட்டைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றேன். "கொஞ்சம் ஓரமா நில்லு" என்றார். நகர்ந்தேன். "இன்னும் கொஞ்சம் ஓரமா." இன்னும் நகர்ந்தேன். நல்ல போட்டோ என்றால் இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தேன். நாலைந்து எடுத்தார்.

போகும்போது கொடியைக் காட்டி, "மணி பிளான்ட் சோக்கா வந்திருக்கே" என்றார். "கேட்டு வாங்குனா வேர் புடிக்காதே, என்ன செய்யலாம்?"

"எனக்குத் தெரியும். இதுவும் பெரியம்மா வீட்டுல களவாண்டதுதான்" என்றேன் பெருமையாக.

"அப்ப நானும் களவாண்டுக்கிறேன். நீ அங்கிட்டுத் திரும்பிக்கத்தா. நான் வந்ததையே யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. விட்டா செடி பட்டுப்போகும், என்ன?"

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பத்து வரை எண்ணினேன். காரியாபட்டிப் பெரியம்மாவைப்போல நானும் ஒரு பெரிய மனுஷியாகிவிட்டதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தபோது ஒரு முழம் கொடி குறைந்திருந்தது, பைக் தெருவைத் தாண்டியிருந்தது. தண்ணீர்க் குடத்தோடு வந்த அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை. சிநேகிதியையும் சத்தியம் செய்யவைத்திருந்தேன்.

ஆடிப் பதினெட்டு வந்தால் எங்கள் ஊரில் காலண்டர் கம்பெனிகள் எல்லாம் பூஜை போட்டு அடுத்த வருஷத்து ஆல்பத்தை வெளியே காட்டும். அதுவரை என்ன படம், என்ன டிசைன் என்று வெளியாள் கண்ணில் படவே விடமாட்டார்கள். அந்த ஆல்பத்தை வைத்துத்தான் வருஷம் முழுக்க ஆர்டர். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று எனக்கு ஆடிப் பதினெட்டு என்றால் அம்மா செய்யும் தேங்காய்ச் சாதம் மட்டும்தான்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் அப்பா வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடத்துக்கு முன்னால் நின்றார். "வேற கம்பெனிக்காரன் முந்திக்கிட்டு ஆல்பத்த வெளிய விட்டுட்டான். முதல் பக்கத்துல இதே படம்" என்று அம்மாவிடம் சொன்னார். "வெளியாளுக யாரும் வீட்டுக்குள்ள வந்தாகளா?"

"இங்கன யாரு வரப்போறா?" என்றாள் அம்மா. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்பா என் பக்கம் திரும்பி முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். அவர் நகத்தில் அன்று எந்தக் கலரும் இல்லை.

"ஏத்தா, நீ சொல்லு. யாராச்சும் வந்தாகளா?"

எனக்கு அந்த ஒரு முழம் கொடிதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அது இந்நேரம் ஏதோ ஒரு பாட்டிலில், தண்ணீருக்குள், வெள்ளையாக வேர் விட்டுக்கொண்டிருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் பட்டுப்போகும்.

"யாரும் வரலப்பா" என்றேன்.

அப்பாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். என் தலையை ஒருமுறை தடவிவிட்டு எழுந்து மறுபடியும் கம்பெனிக்குப் போனார். அங்கே நடந்ததை அம்மா எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து. செட்டிங் தாளைக் கேட்காமல் எடுத்துப் போனது நான்தான் என்று அப்பா அவராகவே முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அது என் வீட்டுச் சுவரை விட்டு எங்கேயும் போகவில்லை, வெளியாள் யாரும் என் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை, என் மகள் பொய் சொல்லமாட்டாள் என்றும் சொல்லியிருக்கிறார். முதலாளி அவரை நம்பினார். அவராக வந்து சொன்ன உண்மைக்காக அந்தத் தவறையும் மன்னித்துவிட்டார். அப்படியே முடிந்திருக்க வேண்டிய விஷயம். இரண்டு நாள் கழித்து ஒரு போட்டோ, ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்ட்டுகளின் போன்களில் சுற்றிச் சுற்றி, முதலாளியின் போனுக்கும் வந்துசேர்ந்தது. அதில் தாமரைக் குளமும் ஓடமும் முழுசாகத் தெரிந்தன. ஓரத்தில் நான் நின்றேன்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுதான் சொன்னார்களாம். யாரும் அப்பாவைத் திட்டக்கூட இல்லையாம். பதினோரு வருஷம் அந்த மெஷினில் நின்றவர், பிறகு விஸ்வநத்தம் பக்கம் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் சின்ன அச்சகத்துக்குப் பாதிச் சம்பளத்தில் போனார்.

ஆனால் அப்பாவுக்கு வேலை போன அந்தச் சாயங்காலம் இது எதுவும் எனக்குத் தெரியாது. சுவரில் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, அம்மா தாள்களைக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஓடம் முதலிலேயே போய்விட்டது. நான் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா படிக்கட்டில் மை டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் ரோஜாச் செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போட்டோல நல்லாச் சிரிச்சிருக்கத்தா."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மாமா போட்டோவை அப்பாவுக்கே அனுப்பிவிட்டார் என்றால், வந்ததை அவரே சொல்லிவிட்டார் என்றுதானே அர்த்தம்? அப்படியானால் நான் இனிப் பேசலாம். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் கேட்டேன்.

"அந்த மாமா வீட்டுல நம்ம செடி துளுத்துருச்சாமாப்பா? நான் யார்கிட்டயுமே சொல்லல. நீங்க கேட்டப்பக்கூடச் சொல்லல."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். என்ன செடி, என்ன மாமா என்று எதுவும் கேட்கவில்லை. என் முகத்தில் எதையோ ஒவ்வொன்றாகப் படிப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"துளுத்துருச்சு தாயி" என்றார். "நல்லா வந்துருக்காம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே ஓடிப் போய், அம்மா சுவரில் தெளித்தது போக வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைச் செம்பில் மொண்டு வந்து, ஒவ்வொரு படியாக இறங்கி எல்லாச் செடிக்கும் ஊற்றினேன்.