திமிங்கிலத்தோடு போட்டி போட்ட மரியதாஸ்

திமிங்கிலம் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம்கூடத் தண்ணீருக்குள் இருக்குமாம். இருக்கட்டுமே. அதற்கும் ராயபுரம் மரியதாசுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது என்று சொன்னது அவன் செல்போன். உங்களுக்கும் அந்த வீடியோ வந்திருக்கும்.

மரியதாஸ் என் தெருக்காரன். காசிமேட்டில் விசைப்படகின் புரொப்பல்லரில் வலை சிக்கிக்கொண்டால், தம் கட்டி முங்கி அறுத்து எடுப்பது அவன் வேலை. நானோ பணிக்காலம் முழுக்கத் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில், ஆபத்தான வேலைகளுக்குப் பர்மிட் எழுதியவன். மீன் வாங்கப் போகிற சாக்கில் அவனோடு இரண்டே விஷயத்துக்குச் சண்டை போடுவேன். அவன் முங்கும்போது இன்ஜின் சாவி என் சட்டைப்பைக்கு வர வேண்டும். அவன் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை காலை. படகு டிரைவர் செல்வம் சாவியை நீட்டிக்கொண்டே கேட்டான்: "நீ ரிட்டயர் ஆயிட்ட சார்... உன் ரூல்ஸு எப்போ ரிட்டயர் ஆவும்?"

மரியதாஸ் கரையோரம் கட்டியிருந்த படகின் விளிம்பில் உட்கார்ந்து வேகவேகமாக மூச்சு இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"சார்ஜ் ஏத்திகினு கீறேன் சார். முப்பது தபா இப்டி இழுத்து வுட்டா, திமிங்கலம் மாரி உள்ளயே கெடக்கலாமாம். வீடியோல போட்டுக்கீறான்."

எந்தத் திமிங்கிலம் அப்படி மூச்சு வாங்கியது? பனிக்கடலில் இருக்கும் சீல் என்கிற கடல்நாய், முங்குவதற்கு முன் மூச்சை வெளியேதான் விடுகிறது. அதன் ஆக்சிஜன் கையிருப்பு நுரையீரலில் இல்லை — ரத்தத்திலும் தசையிலும். உள்ளே போனதும் இதயம் மெதுவாகிவிடும். ரத்தம் முக்கியமாக மூளைக்கும் இதயத்துக்கும் போகும். மற்ற உறுப்புகள் வரிசையில் காத்திருக்கும். எந்த ஆபீஸிலும் நான் பார்க்காத ஒழுங்கு.

நமக்கு அந்த ஏற்பாடு கொஞ்சம்தான். 'மேலே போ' என்று நம்மை விரட்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவது அல்ல. கரியமில வாயு சேர்வது. வேகமாக மூச்சு விட்டால் அந்த வாயு வெளியேறிவிடும். ஆக்சிஜனோ பெரிதாக ஏறாது. எச்சரிக்கை மணியின் வயரைப் பிடுங்கிவிட்டு வேலைக்குப் போவது மாதிரி. மூச்சு முட்டாது — நேராக மயக்கம்தான்.

இத்தனையும் சொன்னேன். பொறுமையாகச் சொன்னேன்.

படகுக்குப் பக்கத்தில் ஒரு நீர்க்காகம் முங்கியது. செல்வம் அதைக் காட்டினான். "அது இன்னா, பர்மிட்டு வாங்கிகினா முங்குது?"

அதன் இறகு நனைகிற இறகு, அதனால் சுலபமாக முங்கும். கொஞ்ச நேரத்தில் மேலே வந்தும்விடும். இதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மரியதாஸ் குதித்துவிட்டான்.

கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவன் உள்ளிருந்து கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஒன்று வந்தது. இரண்டு வந்தது. மூன்றாவது...

"இரு சார், ரெக்கார்டு பண்றான்" என்றான் செல்வம். அவன் போனில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் மரியதாஸ் பெண்ணுக்குச் சர்ச்சில் கல்யாணம். பத்திரிகை என் மேசைமேல் இருக்கிறது.

"இழுடா" என்றேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு சின்ன உத்தரவு நான் போட்டதில்லை.

இருவரும் இழுத்தோம். உதடு நீலமாக இருந்தது. தலை தொங்கியது. மூச்சு இல்லை. வருஷாவருஷம் முதலுதவிப் பயிற்சியில் பொம்மையின் வாயில் ஊதியவன் நான். மனிதனுக்கு ஊதியது இதுதான் முதல் முறை. பொம்மைக்கு பீடி நாற்றம் கிடையாது. தாடையை நிமிர்த்தி ஊதினேன். மறுபடி ஊதினேன். நான்காவது தடவை ஒரு கேவல்... பிறகு இருமல். செல்வம் ஆட்டோ பிடிக்க ஓடினான்.

மரியதாஸ் கண்ணைத் திறந்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"எவ்ளோ நேரம் சார் உள்ள இருந்தேன்?"

வலை இன்னும் புரொப்பல்லரில்தான் இருந்தது. சாவி என் சட்டைப்பையில். கொஞ்சம் தள்ளி அந்த நீர்க்காகம் மறுபடி மேலே வந்தது, அலகில் ஒரு மீனோடு. அது யாரிடமும் நேரம் கேட்கவில்லை.