காரணம் கேட்கக் கூடாத கணக்கு டியூஷன்

நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் அந்த டியூஷனுக்கு அப்படி ஒரு பேர். ரயில்வே ரிசர்வேஷன் மாதிரி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நடத்தியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மனைவிக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸின் முன்னறைதான் வகுப்பு. அவர் கணக்கைச் சொல்லித் தந்ததாக எனக்கு நினைவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினோம், அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்பில் சர்வசம முக்கோணங்கள். இரண்டு செங்கோண முக்கோணங்களில் கர்ணமும் இன்னொரு பக்கமும் சமமாக இருந்தால் அவை சர்வசமம், அதற்குப் பேர் செ-க-ப என்று எழுதிப்போட்டார். நான் எழுந்தேன்.

"சார், ரெண்டு பக்கம் சமமா இருந்து, சமமான கோணம் அதுக்கு நடுவுல இல்லன்னா செல்லாதுன்னு போன வாரம் சொன்னீங்க. இங்கயும் செங்கோணம் நடுவுல இல்லயே. இது மட்டும் எப்படி சார்?"

"அதான் செ-க-பன்னு தனியா பேர் வெச்சிருக்குல்ல?"

"பேர் வெச்சா போதுமா சார்?"

"பரிச்சைல 'எப்படி'ன்னு கேக்க மாட்டான். உக்காரு."

பெரிய மனுஷர். தெரியாது என்ற ஒரு சொல்லுக்கு அவரிடம் பஞ்சம்.

வீட்டில் மிக்சர் டப்பா அட்டையில் அப்படி இரண்டு முக்கோணங்கள் வெட்டினேன். ஒன்றைத் திருப்பிப் போட்டு, கர்ணத்தை விட்டு, சமமான மற்றப் பக்கங்களை ஒட்டவைத்தேன். இரண்டு செங்கோணங்களும் சேர்ந்ததால் அடிப்பக்கம் ஒரே நேர்க்கோடானது. இப்போது ஒரே பெரிய முக்கோணம். இரண்டு கர்ணங்களும் சமம், ஆகவே அடிக்கோணங்களும் சமம். இரண்டு கோணங்களும் ஒரு பக்கமும் சமம் என்றால் சர்வசமம்தானே. அவ்வளவுதான், எல்லாம் பொருந்திவிட்டது. சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அட்டைகளைக் காட்டினேன். அவர் அவற்றைத் தொடக்கூட இல்லை. "கிராஃப்ட் கிளாஸுக்குக் கொண்டுபோ" என்று சிரித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். தான் சிரித்தால் சிரிக்கவும் அவர் அங்கே பழக்கியிருந்தார். அதோடு விடாமல் என் அப்பாவுக்குப் போன் போட்டு, நான் மற்ற பிள்ளைகளையும் குழப்புவதாகப் புகார் சொன்னார்.

அப்பா திருநெல்வேலிக்காரர், மைன்ஸில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து, அட்டைகளைத் தானே ஒருமுறை ஒட்டவைத்துப் பார்த்தார்.

"ஏட்டி, சரியாத்தான இருக்கு. இது தெரியாதவருட்ட என்னத்தப் படிக்கப் போற? நின்னுக்கோ."

அம்மாதான் ஒரு வாரம் புலம்பினாள். நின்றுவிட்டேன்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு. ரிசல்ட் வந்த இரண்டாம் நாள் மெயின் பஜாரில் ஃப்ளெக்ஸ். அதில் 'எங்கள் மாணவி' என்று என் முகம், அதைவிடப் பெரிதாக அவர் முகம். நேரே போய்க் கேட்டேன்.

"சார், நான் உங்ககிட்ட படிச்சது பாதி வருஷம்கூட இல்லயே?"

"அஸ்திவாரம் யார் போட்டதும்மா?" என்றார், கூச்சமே இல்லாமல். காபி குடிக்கச் சொன்னார். குடிக்காமல் வந்தேன்.

ஃப்ளெக்ஸை அவர் கழற்றவில்லை. அடுத்த மாதம் அவர் காலையிலும் ஒரு பேட்ச் ஆரம்பித்தார். அதுவும் நிரம்பிவிட்டதாம்.