விலை போகாத வீடு

எங்கள் திருவொற்றியூர் வீட்டை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அத்தை குழாயடியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். ஓவர்டைம் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. எழுபதுகளின் தொடக்கத்தில், எதிரே இருந்த பொட்டலில் குடிசைவாசிகளுக்காக அரசாங்கம் மாடிக் குடியிருப்பு எழுப்பியது. முதல் கட்டடம் வந்தபோது யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. பிறகு அதன் பின்னால் இன்னொன்று, பக்கத்தில் மற்றொன்று. நகரத்தில் எங்கே குடிசை எரிந்தாலும் ஜனங்களைக் கொண்டுவந்து இறக்க எங்கள் பக்கம்தான் கிடைத்தது. தெற்கே காலி இடம் இல்லாமல் இல்லை. அங்கே இருப்பவர்கள் வேண்டாமென்று சொன்னால் காதுகொடுத்துக் கேட்க ஆள் இருந்தது.

தெருவில் ஒருவர் பயந்துபோய் அடிமாட்டு விலைக்கு விற்றார். அதுவே அடுத்தவர் வீட்டுக்கும் விலையாகிப்போனது. அப்பா அரசாங்கத்தையும் திட்டவில்லை, விற்றவரையும் திட்டவில்லை. எதிரே குடிவந்தவர்களைத்தான் கலீஜ் ஜனங்கள் என்றார்.

அந்த ஜனங்களில் அவருடைய சொந்தத் தங்கையும் ஒருத்தி. துறைமுகத்தில் வேலை செய்த மாமா இறந்து, ராயபுரத்துக் குடிசையும் எரிந்தபின் அத்தைக்கு அங்கே வீடு ஒதுக்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் அண்ணன் வீடு தெரிகிறதென்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் மீனோடு வந்துவிடுவாள்.

அன்று வீடு கேட்டு வந்தவர் அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குழாயடியில் இருப்பது யாரென்று கேட்டார்.

"வேலைக்காரி சார். எதிர் பில்டிங்," என்றார் அப்பா.

அத்தையின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மீதி மீனையும் கழுவி, சட்டியை மூடி அடுப்பங்கரையில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே போனாள். வந்தவர் எதிர் மாடிகளில் காய்ந்த துணிகளை அண்ணாந்து பார்த்தார். மறுபடி வரவே இல்லை. அத்தையும் வரவில்லை. அம்மா போய் அழைத்தும் அசையவில்லை.

இப்போது மெட்ரோ வந்தபின் மனைத் தரகர்கள் அந்தத் தெருவையே சுற்றுகிறார்கள். குடியிருப்புகள் அப்படியேதான் நிற்கின்றன. ஆனால் அப்பா காலத்தில் வீடு விலை போகவில்லை. யாரைப் பார்க்கக் கூசினாரோ அவர்களின் ஜன்னல்களுக்கு எதிரிலேயே இறந்தார்.

அடக்கத்தன்று அத்தை வந்து, குடியிருப்புப் பெண்களோடு தெருவிலேயே நின்றாள். அம்மா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து உள்ளே வரச்சொல்லி இழுத்தாள்.

"வூடு வித்துப்போச்சா அண்ணி?" என்று கேட்டாள் அத்தை.

அம்மா இல்லையென்று தலையசைத்தாள்.

"அப்போ நான் இங்கயே நிக்கிறேன்."