விருந்தாளிப் பங்கு

எங்கள் விடுதியின் வரவேற்பு மேஜையில், கண்ணாடிக்கு அடியில், ஹபீப் அண்ணன் ஆங்கிலத்தில் எழுதி வைத்த தாள் ஒன்று இருக்கிறது. ஈரானில் இருக்கும் எங்கள் யஸ்து நகரத்துக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் புத்திமதி. பகல் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை வெளியே தலைகாட்டாதீர்கள். கடை திறந்திருக்காது, நாய்கூட நடக்காது. ஒட்டகக் கறி கபாப் வேண்டுமென்றால் செம்புக்காரர் தெருவின் கடைசிக் கடைக்குப் போங்கள். முதல் கடை போட்டோ எடுக்க மட்டும். ஃபாலூதாவை வெயில் தாழ்ந்தபின் சாப்பிடுங்கள், இல்லையென்றால் கடைவாசலிலேயே சர்பத்தாகிவிடும். கடைசி வரி இது: இந்த ஊரில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் மூன்று முறை மறுத்துவிடுங்கள். நான்காம் முறையும் கூப்பிட்டால் அது மெய்யான அழைப்பு, போகலாம்.

முப்பத்தோரு வருஷத்தில் அந்தத் தாளால் மாட்டிக்கொண்டவர் ஒருவர்தான். எழுதியவர்.

அவர் அந்த மேஜையில் சாவி கொடுக்கிறவர், நான் அதே விடுதியில் காலைச் சிற்றுண்டி சமைக்கிறேன். அவர் வீடும் என் வீடும் ஒரே மண்சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். ஒல்லியான மனிதர், சட்டையின் மேல் பொத்தானை நாற்பத்தைந்து டிகிரியிலும் போட்டே வைத்திருப்பார். நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று யார் கேட்டாலும் நாலைந்து கடைகளைச் சொல்லிவிட்டு, "ஆனா ஊரிலேயே நல்ல கேமே குழம்பு எங்க வீட்டுலதான். வாங்க, சாப்பிடலாம்" என்று முடிப்பார். எங்கள் ஊரில் இது வணக்கம் சொல்வது போலத்தான். நம்பி யாரும் செருப்பைப் போட மாட்டார்கள்.

நம்பியது அவர் மனைவி தாஹிரா மட்டும்தான். "இவரு ஊரையே கூப்பிடுறாரு சித்தீகா. ஒருநாள் எவராவது நெசமாவே வந்து வாசல்ல நின்னா, ரொட்டியும் வெங்காயமுமா வைப்பேன்?" என்பாள். அதற்காகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கறியும் கொண்டைக்கடலையும் உலர்ந்த எலுமிச்சையும் போட்டு ஒரு பானை கேமே வைத்து, அதில் ஒரு பங்கை நீலமூடித் தயிர் டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் உறைய வைப்பாள். விருந்தாளிப் பங்கு என்று அதற்குப் பெயர். அடுத்த வெள்ளி வரை யாரும் வராவிட்டால் புது டப்பா உள்ளே போகும், பழையது இவர்கள் தட்டுக்கு வரும். ஒவ்வொரு வாரமும் முதல் வாய் வைத்ததுமே அவர் "உப்பு கம்மி" என்பார். வருகிற விருந்தாளி சொல்லட்டும், அப்புறம் போடுகிறேன் என்பாள் அவள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குச் சிரிப்பாக வரும்.

போன வருஷம் வசந்தத்தில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் முற்றத்து மாதுளை மரத்தடியில் சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அவர் அழவில்லை. நான்காம் நாள் பொத்தான் போட்டுக்கொண்டு மேஜைக்கு வந்துவிட்டார். கல்நெஞ்சன் என்று வேலைக்காரிகள் முணுமுணுத்தபோது நானும் சும்மா இருந்தேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டில் ரொட்டியையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் அடுப்படியில் நின்றபடியே தின்பார், வண்டிக்குக் காத்திருப்பவர் மாதிரி. நான் கொடுத்தனுப்பிய சாப்பாடு பாதி அப்படியே திரும்பி வரும். ஒருமுறை ஃப்ரிட்ஜைத் துடைக்கப் போனவள் அந்த நீலமூடி டப்பாவை வெளியே எடுத்துவிட்டேன். அவர் வந்து என் கையிலிருந்து அதை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவள் ஞாபகமாக வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றுதான் அவர்மேல் எனக்கிருந்த கசப்பு போயிற்று.

மேஜையில் மட்டும் எதுவும் மாறவில்லை. யாராவது கேட்டால் அதே கடைகள், கடைசியில் அதே "எங்க வீட்டுலதான்". சாவி கொடுப்பது போல வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தக் கோடையில் போலந்திலிருந்து போஜெனா என்ற அம்மாள் வந்தாள். அறுபது வயதுப் பள்ளி ஆசிரியை. வந்த அன்றே அந்தத் தாளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவள். ஒருநாள் நண்பகல் நெருங்கும்போது கேமே எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டாள். நான் பக்கத்தில் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில்தான் என்றார். வேண்டாம், உங்களுக்குச் சிரமம் என்றாள். சிரமமே இல்லை, வாங்க என்றார். இல்லை இல்லை என்றாள். என் வீட்டுக்காரி கேமே மாதிரி வராது என்றார். அவள் மூன்றாவது தடவையும் மறுத்தாள். அங்கே நிறுத்த வேண்டும். எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூட அந்தக் கணக்கு தெரியும். அவர் சாவி மாட்டும் கொக்கிகளையே பார்த்துக்கொண்டு, "வாங்களேன்" என்று நாலாவதையும் சொல்லிவிட்டார்.

போஜெனா தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், முகம் மலர்ந்து எப்போது வரலாம் என்றாள்.

"இன்னிக்கே. ஒரு மணிக்கு," என்றது அவர் வாய்.

அவள் மாடியேறியதும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, ஒரு கடை திறந்திருக்காது, என் வீட்டில் நேற்றைய ஷூலிக் கஞ்சிதான் இருக்கிறது, ஏதாவது சொல்லித் தள்ளிப்போடுங்கள் என்றேன்.

"நாலு தடவ கூப்பிட்டுட்டேன் தங்கச்சி," என்றார். "நீ வா, அது போதும். பொம்பள ஒருத்தி கூட இருக்கணும்."

ஒரு மணி வெயிலில் தொப்பி, குடை, ஒரு பெட்டி சாக்லேட்டோடு போஜெனா வந்தாள். சாக்லேட் வழியிலேயே உருகியிருந்தது. வீட்டுக்குள் குளிர்காற்றை இறக்கும் காற்றுக் கோபுரத்துக்கு அடியிலிருக்கும் நிலவறையில், பதினாலு மாதமாக மடித்தே கிடந்த சாப்பாட்டு விரிப்பை அவர் விரித்திருந்தார். சோறு, தயிர், ரொட்டி, பச்சைக் கீரை. நடுவில் ஒரு கிண்ணம் கேமே. எங்கிருந்து பிடித்தார் என்று எனக்கு வியப்பு. எனக்கு இரண்டு கரண்டி வைத்தார்.

முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. ஊரில் இவ்வளவு பட்டை போடுகிறவள் ஒருத்திதான். அவரைப் பார்த்தேன். அவர் போஜெனாவின் தட்டில் கேமேயை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் போதும் என்றாள். எங்கள் ஊரில் போதும் என்றால் இன்னும் கொஞ்சம் வைக்க வேண்டும், வைத்தார். அவள் ஊரில் தட்டில் மிச்சம் வைப்பது அவமரியாதையாம், தின்றாள். அவர் வைக்க, அவள் தின்ன, கிண்ணம் இறங்கிக்கொண்டே போயிற்று. அவர் தட்டில் ரொட்டியும் தயிரும் மட்டும். எனக்கு அந்த அம்மாளை அடிக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. அவள் மேல் என்ன தப்பு? தாளில் இருப்பதைத்தான் செய்தாள்.

கடைசிக் கரண்டியும் போனபின், உங்கள் மனைவியைப் பார்க்க முடியவில்லையே என்றாள்.

"இன்னிக்கு அவளால வர முடியல," என்றார்.

சாப்பாடு ரொம்ப நன்றாக இருந்தது என்று மனைவியிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றார். சந்து முனைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

அடுப்படியில் என்னால் அடக்க முடியவில்லை. "ஒரு வாய்கூட எடுத்துக்கலியே அண்ணே. அவ கையால ஆக்குன கடைசிச் சாப்பாடு அது. முன்னாடியே நீங்க தின்னிருக்கலாம்ல?"

நீலமூடி டப்பாவைக் கழுவ எடுத்தவர் குழாயைத் திறக்காமல் நின்றார். "புதுசு உள்ள போனாத்தான் பழசு நமக்குன்னு சொல்லுவா. அதுவரைக்கும் அது விருந்தாளிது. புதுசு யாரு வச்சா?"

அவர் ரொட்டியில் ஒரு துண்டு கிழித்து, டப்பாவின் மூலைகளைச் சுற்றி வழித்து, வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"உப்பு கம்மி," என்றார்.

பிறகு அங்கேயே, தரையில் உட்கார்ந்துவிட்டார்.