ஒரே பேருந்தில் இரண்டு அணிகள்

தேசியக் கால்பந்து அணியின் பேருந்தை ஓட்டுபவரை எல்லோரும் 'அத்தை' என்றுதான் கூப்பிடுவார்கள். அது கேப்டனால் வந்த வழக்கம். பதினாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டிவிட்டு இந்த வேலைக்கு வந்தவர் அவர். வந்த மறு வருடம், அம்மா வீட்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க அவர் மகள் மைதானத்துக்கு வந்தாள். அப்போது இன்னும் கேப்டனாகாத ஒரு நடுக்கள ஆட்டக்காரர் அவளைப் பார்த்தார். ஒன்றரை வருடத்தில் கல்யாணம். அவர் 'அத்தை' என்று கூப்பிட, மொத்த அணிக்கும் அது தொற்றிக்கொண்டது.

"பெத்தது ஒரே ஒரு பொண்ணு. மாப்பிள்ளை மட்டும் இருபத்து மூணு பேர்" என்று அத்தை அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பில் பெருமைதான் அதிகம்.

அந்த வருடப் பெரிய போட்டியில் அணி மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. வாங்கியது ஒன்பது கோல், போட்டது ஒன்று. அந்த ஒன்றும் எதிரணிக்காரர் தவறிப்போய்த் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்டது. அணி திரும்பி வந்த அன்று கூட்டம் கூடிக் கலாட்டா ஆகும் என்று பயந்து, விமான நிலையத்தின் பின்பக்கம், சரக்கு இறக்கும் வாசலில் பேருந்தை நிறுத்தச் சொன்னார்கள். ஆனால் பின்வாசலிலும் ஆள் இல்லை, முன்வாசலிலும் ஆள் இல்லை. கடைசியாக ஏறிய கேப்டன், ஓட்டுநருக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

"திட்டறதுக்குக்கூட யாரும் வரல அத்தை" என்றார்.

அத்தை வண்டியை எடுத்தார்.

இரண்டு வாரத்தில் பயிற்சியாளர் ராஜினாமா செய்தார். புதிதாக வந்தவர் ஒல்லியான மனிதர். கழுத்தில் எப்போதும் இரண்டு விசில் தொங்கும், ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று. அணியை முதலிலிருந்து கட்டப்போகிறேன், இருபத்து மூன்று வயதுக்கு மேல் யாரும் வேண்டாம் என்றார். பதினோரு பேரை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். முதல் பெயர் கேப்டனுடையது. அவருக்கு முப்பத்து நான்கு வயது.

தொலைபேசி வந்தபோது மாப்பிள்ளை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "சரி சார், சரி சார், சரி சார்" என்று மூன்று முறை சொன்னார். பிறகு வாளியில் மிச்சமிருந்த துணியையெல்லாம் ஒன்றுவிடாமல் உதறிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் கீழே வந்தார். இதை மகள்தான் அத்தையிடம் வந்து சொன்னாள்.

"அம்மா, நீ அந்த வேலைய விட்டுடேன். அவர் சீட்டுல இன்னொருத்தன உட்கார வெச்சு நீ எப்படி ஓட்டுவே?" என்றாள் மகள்.

பதில் சொன்னது மாப்பிள்ளை. "அத்தை எதுக்கு விடணும்? நீக்கினது என்னைத்தானே, அவங்களையா?" சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அவர்கள் குடியிருப்பது மாடியில், அத்தை கீழ்வீட்டில். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கால்பந்து என்ற பேச்சே எழவில்லை. மின்வாரிய அலுவலகத்தில் அவருக்கு எப்போதோ கிடைத்த வேலை ஒன்று இருந்தது. காலையில் குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஒழுங்காகப் போய் வந்தார்.

புது அணியை ஏற்றிய முதல் நாள், பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆன்ட்டி, ஏசி கொஞ்சம் கூட்டுங்க."

சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. அத்தை திரும்பிப் பார்த்தார். "தம்பி, இந்த வண்டியில என் பேரு அத்தை."

"அத்தைன்னா பொண்ணு இருக்கணுமே?"

வண்டிக்குள் விஷயம் தெரிந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். கேட்டவன் கேப்டனின் இடத்துக்கு வந்த பத்தொன்பது வயதுப் பையன். ஆள் ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பான், பட்டப்பெயர் பென்சில். யாரோ காதில் சொன்ன பிறகு, மத்தியானம் பேருந்துப் படியில் வந்து நின்றான். "அத்தை, தெரியாம சொல்லிட்டேன்" என்றான். காது இரண்டும் சிவந்திருந்தன. அந்தக் காதுகளைப் பார்த்ததும் அத்தைக்குக் கோபம் போய்விட்டது.

புது அணி முதல் நட்பு ஆட்டத்தில் நாலுக்குப் பூஜ்யம் தோற்றது. அடுத்ததில் மூன்றுக்குப் பூஜ்யம். 'மழலையர் பள்ளி' என்று ஒரு நாளிதழ் தலைப்புப் போட்டது. மைதானத்தில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. பேருந்திலும் ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு பாட்டு. ஆனால் இரண்டாவது ஆட்டத்தில், எல்லாம் முடிந்துபோன கடைசி ஐந்து நிமிடத்தில், பென்சில் பாதி மைதானம் பின்னால் ஓடி வந்து நாலாவது கோலைத் தடுத்ததை அத்தை பார்த்தார். தோற்ற ஆட்டத்தில் எதற்கு அந்த ஓட்டம்? அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லத் தகுந்த ஒரே ஆள் மாடியில் இருந்தார்.

அடுத்த பெரிய போட்டிக்கான தகுதிச் சுற்றுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பயிற்சியாளர் பேருந்துப் படியேறி வந்தார்.

"அத்தை, உங்க மாப்பிள்ளை என் போனை எடுக்க மாட்டேங்கறார்."

"நீங்க பண்ணின காரியத்துக்கு யார்தான் எடுப்பாங்க?"

அவர் தலையாட்டினார். "நியாயம்தான். இந்த ஞாயித்துக்கிழமை அவர் என் பசங்களோட ஒரு ஆட்டம் ஆடணும். நான் நீக்கின பதினோரு பேரும் வரணும். மைதானக் கதவைச் சாத்திட்டு, நிஜமான ஆட்டம். இவங்களுக்கு ஓட வருது, ஏமாத்து வேலை ஒண்ணும் தெரியல. அது தெரிஞ்சவங்க கிட்ட மோதினாத்தான் பழகும். நான் வீட்டுக்கே வந்து கேக்கணும்னா வரேன்."

"வேண்டாம். கதவத் திறக்க மாட்டார். நானே கேக்கறேன்."

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அத்தையின் சமையலறையில் ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். கை இரண்டும் வேலையில் இருக்க, எழுந்து போக முடியாத நேரம் பார்த்து அத்தை விஷயத்தைச் சொன்னார்.

"தூக்கிப் போட்டது போதாதா? இப்ப அடி வாங்கவும் வரணுமா?" என்றார் அவர், குழாயைப் பார்த்தபடியே.

"வாங்கறதுக்குக் கூப்பிடல மாப்பிள்ளை. குடுக்கறதுக்கு."

ஸ்பானர் நின்றது. இரண்டு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாக அவர் சிரித்தார். "எத்தனை மணிக்கு?"

ஞாயிறு காலை இரண்டு அணியையும் ஒரே பேருந்தில்தான் ஏற்ற வேண்டியிருந்தது, வேறு வண்டி கிடைக்கவில்லை. பழையவர்கள் ஏறியபோது முன்வரிசைகளில் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். பென்சில் எழுந்தான். "அண்ணே, நீங்க இங்க..."

"உட்காரு. நான் பின்னால போறேன். பின்னால இருந்தாத்தான் உங்க கழுத்தெல்லாம் தெரியும், யாரை முதல்ல பிடிக்கறதுன்னு பாத்து வெச்சுக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. பழைய கோல்கீப்பர் வெடித்துச் சிரித்தார். பையன்கள் பாட்டைக் குறைத்தார்கள்.

ஆட்டத்தை அத்தை மைதான ஓரத்தில் நின்றே பார்த்தார். முதல் பாதி முழுக்கப் பழையவர்களுடையது. ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. எங்கே நிற்பது என்று பையன்கள் தங்களுக்குள் சைகை காட்டிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை சட்டென்று பந்தைத் தள்ளிவிட்டார், கோல். இன்னொரு கார்னரில், பாதுகாக்க வேண்டிய இரண்டு பேரும் அவன் பார்ப்பான் இவன் பார்ப்பான் என்று நின்றார்கள், இன்னொரு கோல். "தம்பிகளா, வாய் இருக்கா, வீட்டுல வெச்சுட்டு வந்தீங்களா?" என்று பழைய கோல்கீப்பர் அந்தக் கோடியிலிருந்து கத்தினார்.

இடைவேளையில் பயிற்சியாளர் தண்ணீர் குடிக்கச் சொன்னார், அவ்வளவுதான். பேசியது பென்சில்.

"அசிங்கமா இருக்குடா. அவங்க பேசிக்கிட்டே ஆடறாங்க. நாம செத்த வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறோம். இனி யாராவது சும்மா இருந்தீங்க, நான் பந்தை உங்க தலையிலதான் அடிப்பேன்."

இரண்டாம் பாதியில் மைதானம் சந்தை மாதிரி ஆகிவிட்டது. "இடது! இடது!", "விடு, என்னுது!", "பின்னால ஆள் இருக்குடா!" பழையவர்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரு கோல் திரும்பியது, பிறகு இன்னொன்று. கடைசி நிமிடத்தில் பென்சில் பந்தோடு வந்தான், எதிரே மாப்பிள்ளை. அத்தையின் கை தானாக வேலிக் கம்பியைப் பிடித்தது. யார் பக்கம் என்று அவருக்கே தெரியவில்லை. பென்சில் பந்தை அவருடைய இரண்டு காலுக்கும் நடுவே தட்டிவிட்டுச் சுற்றி ஓடினான், கோல்.

திரும்பிய மாப்பிள்ளை அப்படியே சரிந்தார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கோல் போட்டவன், தன்னைத் தூக்க வந்த நண்பர்களை உதறிவிட்டு ஓடிவந்து, அவர் பூட்ஸைப் பிடித்து மேல்நோக்கி அழுத்தினான்.

"அண்ணே, மூச்சை விடுங்க. மெதுவா விடுங்க."

"காலுக்கு நடுவுல போட்டுட்டு அண்ணேவாம், அண்ணே" என்றார் அவர் வலியோடு. பிறகு, மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் கேட்டார், "அன்னிக்கு மூணு கோல் வாங்கின பிறகும் பின்னால ஓடி வந்தியே, எதுக்கு?"

"தெரியலண்ணே. நாலாவதையாவது விடக்கூடாதுன்னு தோணுச்சு."

அத்தைக்கு அப்போதுதான் புரிந்தது. மாடியில் மனிதர் எல்லா ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

திரும்பும்போது பேருந்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கணக்கே இல்லை. நின்றபடி ஆட்டத்தை மறுபடியும் ஆடிக் காட்டினார்கள். அத்தை நேர்வழியை விட்டு, பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகும் வழியில் ஓட்டினார். யாரும் கவனிக்கவில்லை.

தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் பையன்கள் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். ஆனால் அது பார்த்தவர்கள் எழுந்து போகாத தோல்வி. அடுத்தது சமன். மூன்றாவதில் சொந்த மைதானத்தில் இரண்டுக்கு ஒன்று ஜெயித்தார்கள். மாப்பிள்ளை மனைவியோடு டிக்கெட் வாங்கிச் சாதாரண வரிசையில் உட்கார்ந்து பார்த்தார், தொண்டை கட்டும்வரை கத்தினார். இன்னும் நாலு ஆட்டம் பாக்கி இருக்கிறது. பெரிய போட்டிக்குப் போவார்களா என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது. ஆனால் போகவே மாட்டார்கள் என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

பழையவர்களுக்கும் பையன்களுக்குமான ஆட்டம் மாதத்தில் ஒரு ஞாயிறு என்று நிலைத்துவிட்டது. போன மாதம் பழையவர்கள் ஒரு கோலில் ஜெயித்தார்கள். மூன்று நாளாக வீட்டில் அதே பேச்சு. டம்ளரையும் உப்பு டப்பாவையும் மேஜைமேல் நகர்த்தி நகர்த்தி, மாப்பிள்ளை அந்தக் கோலை விளக்குகிறார்.

"அம்மா, அடுத்த மாசம் தயவுசெஞ்சு தோத்துட்டு வரச் சொல்லு" என்கிறாள் மகள்.

"அதை நீயே சொல்லு. எனக்கு ரெண்டு பக்கமும் மாப்பிள்ளைங்க இருக்காங்க" என்று அத்தை சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார்.