பூசணிக்காயில் வைத்த நெருப்பு

போன வருடம், ஆனி மாதக் குளிரில், சிட்னியில் பரமட்டாவில் இருக்கும் இராணுவ ஆட்சேர்ப்பு அலுவலகத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எப்போதாவது பொலிஸில் சிக்கியிருக்கிறாயா என்பது கேள்வி. அதற்கு ஆம் என்று சொல்லிவிட்டேன். எதற்காக என்ற அடுத்த கேள்வியில்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. பூசணிக்காய் கொளுத்தியதற்காக என்று எப்படிச் சொல்வது?

எப்படியோ சொன்னேன். எதிரே இருந்த பெண் அதிகாரி, தலைமுடியை இழுத்துக் கொண்டை போட்டவர், பேனையை மேசையில் வைத்துவிட்டு, முதலில் இருந்து சொல் என்றார். உங்களுக்கும் முதலில் இருந்தே சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. நாங்கள் படகில் வந்த குடும்பம். தற்காலிக விசாவில், பென்டில் ஹில்லில், ஒரு மாடிக் குடியிருப்பில், சின்ன யூனிட்டில் இருந்தோம். அப்பா ஒரு பொருள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிச் சேர்த்த காசில் எங்கள் முதல் காரை வாங்கினார். பழைய கார்தான், ஆனால் அம்மாவுக்குத் தெரியாமல் வாங்கியது. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து அம்மா ரயிலால் இறங்கும்போது, மாலை போட்டு, பூசை முடித்து, கார் ஸ்டேசன் வாசலில் நிற்க வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். நண்பர்களையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்.

அது தை மாதம், இங்கே உச்சக் கோடை. நாற்பது பாகை வெயில், அனல் காற்று. மாநிலம் முழுவதும் வெளியில் நெருப்பு மூட்டத் தடை போட்டிருந்த நாள். தடை என்றால் இறைச்சி வாட்டும் அடுப்புகளுக்குத்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கற்பூரத்தை நெருப்பு என்று எங்களில் யாரும் எண்ணியதே இல்லை. அது சாமிச் சாமான்.

ஸ்டேசன் வாசலில் காரின் நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தாயிற்று. அப்பா இரண்டு கையாலும் பூசணிக்காயைப் பிடித்திருந்ததால் கார்ச் சாவி என் கையில். கற்பூரத்தைப் பற்றவைத்ததும் நான்தான். அப்பா முதல் சுற்றுச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் காற்று ஒரு வீச்சு வீசியது. எரிந்த கற்பூரம் பூசணிக்காயில் இருந்து பறந்து, காய்ந்த புல்லில் விழுந்தது. அங்கே ஒரு தர்ம நிறுவனத்தின் பழைய உடுப்புச் சேர்க்கும் பெட்டி இருந்தது. பெட்டி நிறைந்துவிட்டதால் ஆட்கள் பைகளை வெளியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கண்ணூறு கழிக்க வந்த இடத்தில் யாருடையவோ குளிர்ச்சட்டைகள் தீப்பிடித்து எரிந்தன.

அர்ச்சனைத் தேங்காயை உடைத்து அந்தத் தண்ணீரை ஊற்றினேன். போதவில்லை. விருந்தினருக்கு வாங்கிய ஜிஞ்சர் பியர் போத்தலைக் குலுக்கிப் பீச்சினேன். சீனிப்பாகு காய்ச்சும் வாசம்தான் வந்தது. தூரத்தில் சைரன் கேட்டது.

நான் திரும்பிப் பார்த்தபோது ஒருவரும் இல்லை. ஒரு அங்கிள் எதிரே இருந்த பலசரக்குக் கடைக்குள் புகுந்து, அன்றுதான் முதன்முதலாக வாழைக்காயைக் காண்பவர் போல ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மேம்பாலம் ஏறிக் கடந்து, எதிர்ப் பக்க மேடையில், ரயிலுக்குக் காத்திருக்கும் பயணியாக மாறியிருந்தார். கையில் பூசணிக்காய் மட்டும் அப்படியே இருந்தது.

நான் நின்றேன். தீயணைப்பு வண்டி வந்தது, பின்னால் பொலிஸ் வந்தது. யார் கொளுத்தியது என்று கேட்டார்கள். நான் என்றேன். பூசணிக்காயைப் பிடித்தது யார் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சிறுவர்களுக்குக் கொடுக்கும் எச்சரிக்கையோடு விஷயம் முடிந்தது. ஆனால் விசாவுக்கு என்ன ஆகுமோ என்று அப்பா பல நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

பிறகு விசா நிரந்தரமானது, குடியுரிமையும் கிடைத்தது. நான் பொறியியல் படிக்கப் போனேன். படிப்புப் பிடித்தது, உட்கார்ந்திருப்பது பிடிக்கவில்லை. ஆறு பெருகினால் ஒரே நாளில் பாலம் போடுபவர்கள் இராணுவப் பொறியியலாளர்கள் என்று எங்கோ கேள்விப்பட்டேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

வீட்டில் சொன்ன நாளில் அம்மா கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டார்.

"ஆமிக்கோ? ஆமிக்குப் பயந்துதானே கடல்ல விழுந்து வந்தனாங்கள். நீ போய் அதில சேரப் போறியோ?"

"அது வேற ஆமி அம்மா."

"உடுப்பு அதே பச்சைதான்."

அப்பா கீழே போய்க் காரைக் கழுவினார். அதன் பிறகும் பல நாள் காரைக் கழுவினார். அந்த மாதத்தில் அவ்வளவு பளபளப்பான கார் பென்டில் ஹில்லில் வேறு இருந்திருக்காது.

அதிகாரி விளக்கமாகச் சொன்னார். பழைய குற்றம் சின்னதுதான், ஆனால் நெருப்பு என்பதால் விதிவிலக்குக் கேட்டு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். நற்சாட்சிக் கடிதம் வேண்டும். அதோடு, அன்று நெருப்புப் பிடித்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதைக் கண்ணால் கண்ட ஒருவர் வந்து சொன்னால் நல்லது.

நற்சாட்சிக்கு எங்கள் பக்கத்து யூனிட் அன்ரியிடம் போனேன். ஊரில் பாதிக் கலியாணங்களைப் பொருத்தி வைத்தவர். ஆசையோடு எழுதித் தந்தார். அதை அதிகாரி என் முன்னாலேயே சத்தமாக வாசித்தார். நான் நல்ல நிறமாம். அடக்கமாம். பொழுதுபட்டால் வாசல் தாண்ட மாட்டேனாம். பெரியவர்கள் பேசும்போது அறைக்குள் போய்விடுவேனாம். ஒரு எறும்பைக்கூடக் கொல்ல மாட்டேனாம். கடைசி வரியில், எனக்குச் செவ்வாய்க் குற்றமும் இல்லையாம்.

அதிகாரி எறும்பு இருந்த வரியை இரண்டாம் தரம் வாசித்தார். பிறகு, இந்தச் செவ்வாய் என்பது என்ன குற்றம், அதுவும் பொலிஸ் பதிவில் இருக்கிறதா என்று கேட்டார். பதினைந்து நிமிடம் சோதிடம் விளக்கினேன். வேறு கடிதம் கொண்டு வரச் சொன்னார். கணித விரிவுரையாளர் ஒருவர் இரண்டு வரியில் எழுதித் தந்தார், அது போதுமாக இருந்தது.

சாட்சிதான் கிடைக்கவில்லை. அன்று வந்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். வாழைக்காய் அங்கிள் தெளிவாகச் சொன்னார். "பிள்ளை, நான் அண்டைக்குக் கடைக்குள்ள எல்லோ நிண்டனான். நெருப்போ? எந்த நெருப்பு?" மற்றவர்களுக்கு அந்தப் பூசைக்கு வந்ததே நினைவில் இல்லை. ஒரு அன்ரி, எங்களிடம் கார் இருக்கிறதா என்று கேட்டார். குடியுரிமை கிடைத்தும் பொலிஸ் என்ற சொல்லுக்கு எங்கள் ஆட்களின் ஞாபகசக்தி இப்படித்தான் வேலை செய்கிறது. கோபிக்க முடியவில்லை. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் ஆள் வராவிட்டால் என் விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.

வெள்ளிக்கிழமை காலை, சாட்சி இல்லை என்று சொல்லப் புறப்பட்டேன். கீழே அப்பா காருக்குப் பக்கத்தில் நின்றார். கலியாண வீட்டுக்குப் போடும் சட்டை, நடுவகிடு. கக்கத்தில், படகில் இருந்து இறங்கிய நாள் தொடக்கம் அவர் சேர்த்து வைத்த கடதாசிகள் எல்லாம் அடைத்த பிளாஸ்டிக் உறை.

"திறப்பைத் தா," என்று கார்ச் சாவிக்குக் கையை நீட்டினார்.

"நானே காரை ஓடுறன் அப்பா. எங்க போகோணும்?"

"உனக்குத் தெரியும்."

அலுவலகத்தில் அப்பா கதிரையின் நுனியில் இருந்தார். சீருடையில் யார் அந்தப் பக்கம் போனாலும் எழுந்து நின்றார். தண்ணீர் கொண்டு வந்த இளைஞனுக்கும் எழுந்து நின்றார். அவன் பயந்துபோய்த் தண்ணீரைச் சிந்தினான்.

அப்பாவின் ஆங்கிலத்தில் இறந்தகாலம் கிடையாது. எதுவானாலும் இப்போதுதான் நடக்கும். பூசணிக்காயை நான் பிடிக்கிறேன், என்றார். என் பிள்ளை சின்னப் பிள்ளை, நான் சொல்கிறேன், அவள் கொளுத்துகிறாள். சைரன் வருகிறது. எல்லாரும் ஓடுகிறார்கள். நான் ஓடுகிறேன். மகள் ஓடாமல் நிற்கிறாள். தேங்காய்த் தண்ணீர் ஊற்றுகிறாள். நான் மற்றப் பக்க மேடையில் நின்று பார்க்கிறேன்.

ஏன் ஓடினீர்கள் என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

யூனிஃபோம் வந்தால் நான் ஓடுவேன், என்றார் அப்பா. என் ஊரில் அதுதான் சரியான வேலை.

இப்போது?

இப்போதும் ஓட வேண்டும் போல இருக்கிறது. ஆனால் கார்ச் சாவி மகளிடம்.

அதிகாரி சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினார். என்னைப் பெரிய வீராங்கனையாக்கி எழுதுகிறாரே என்று வாயைத் திறந்தேன். அப்பா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

"வாயை மூடு. அவ நல்லதுதான் எழுதுறா."

இருந்தும் சொல்லிவிட்டேன். துணிச்சலில் நிற்கவில்லை, தீயணைப்பு வண்டியின் தண்ணீர்ப் பம்பைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் நின்றேன், பொலிஸ்காரர் பெயர் கேட்கும்போதுகூட நான் அந்தக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி அதையும் எழுதினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து காரில் ஏறியதும் அவர் கேட்டது ஒன்றுதான். "பூசணிக்காய் பிடிச்சதுக்கு இனிச் சிட்டிசனைத் திருப்பி எடுப்பினமோ?" இல்லை என்றேன். அப்படியென்றால் மரக்கறி வாங்கிக்கொண்டு போவோம் என்றார். அந்தப் பயத்தையும் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நேரம் உள்ளே இருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விதிவிலக்குக் கிடைத்தது. எந்த வரி உதவியது என்று யாரும் சொல்லவில்லை.

பயிற்சி முடிந்து முதல் விடுமுறைக்கு, சொல்லாமல் கொள்ளாமல், சீருடையோடு வந்து மணி அடித்தேன். கதவைத் திறந்த அப்பாவின் கை நேரே சட்டைப் பைக்குப் போய் லைசென்ஸை எடுத்து நீட்டியது. ஒரு கணம் நான் அதை வாங்கிவிட்டேன். பிறகு இருவரும் வாசலிலேயே நின்று சிரித்தோம், அம்மா குசினியில் இருந்து அகப்பையோடு ஓடி வரும் வரைக்கும்.

என்னைக் கண்டதும், எனக்குக் கண்ணூறு கழிக்க வேண்டும் என்று அம்மா நின்றார். பூசணிக்காய் வந்தது, கற்பூரம் வந்தது. "பொறு," என்ற அப்பா, போனை எடுத்து அன்று நெருப்புத் தடை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. இருந்தாலும் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்து, குசினித் தொட்டிக்கு மேலே, குழாயைத் திறந்துவிட்டபடிதான் மூன்று சுற்றும் சுற்றினார்.

என்னைத் துணிச்சல்காரி என்று இப்போது யாராவது சொன்னால் கூச்சமாக இருக்கிறது. பயம் தெரியாத வயதில், வேடிக்கை பார்க்க நின்றவள் நான். ஓடச் சொல்லும் கால்களைக் கதிரை நுனியில் பிடித்து வைத்துக்கொண்டு, தான் ஓடிய கதையைத் தானே சீருடைக்கு முன்னால் சொன்னவர் அப்பா. அணிவகுப்பில் அசையாமல் நில் என்று கட்டளை வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதிரைதான் நினைவுக்கு வருகிறது.