பலகாரம் சுடாத வருசம்

தேங்காயெண்ணெய் கொதிக்கிற மணம்... அந்தச் சித்திரை வருசத்துக்குப் பனிச்சங்கேணியில எல்லா வீட்டில இருந்தும் அது வந்திச்சு. எங்கட வீட்டில மட்டும் சட்டி அடுப்பில ஏறல்ல.

ஏற விடாதது நான்தான்.

அப்ப நான் டவுனில நேர்ஸ் ட்ரெயினிங். நாவற்குடாவில ரூம் எடுத்து இருந்தன். அப்பாவுக்குச் சீனி வருத்தம் எண்டு கிளினிக்கில சொல்லி ரெண்டு மாசம்தான் ஆகியிருந்திச்சு. லீவுக்கு வந்த அண்டைக்கே அம்மாட்டச் சொல்லிட்டன். "இந்த முறை பலகாரம் ஒண்டும் வேணாம். கண்டா மனுசனுக்கு ஆசை வரும்."

அம்மா ஊற வச்ச அரிசியத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்திட்டா.

அப்பாவுக்கும் பெரிய லெக்சர். சோத்தக் குறைக்கணும், பழஞ்சோறு கூடாது, கிழங்கு கூடாது... கவனிக்காட்டிக் கால எடுக்க வேண்டி வரும் எண்டு வார்டில பாத்த ஆக்கள்ற கதையெல்லாம் சொன்னன்.

முப்பது வருசமா வாவியில வலை இழுத்த மனுசன். காத்துக்கும் மழைக்கும் பயப்படாதவர். அண்டைக்குத் தன்ட காலக் குனிஞ்சு பாத்துக்கொண்டே இருந்தார்.

வருசத்தண்டு ஆக்கள் தட்டோட வந்தாங்க. கொக்கிஸ், முறுக்கு, பயத்தம் பணியாரம். "தின்ன ஒண்ணா கா, மகள் ஏசுவா" எண்டு சிரிச்சுத் திருப்பிட்டார்.

எனக்குப் பெருமையா இருந்திச்சு...

மூண்டாம் நாள் காலையில அவரும் அவர்ற கூட்டாளி தம்பிராசா மாமாவும் தோணியில போனாங்க. மத்தியானம்தான் வருவாங்க. அண்டைக்கு ஒரு மணித்தியாலத்திலயே கரையில மாமா கத்துறது கேட்டிச்சு.

"புள்ள, ஓடி வா கா!"

நானும் அம்மாவும் ஓடினம். அப்பா தோணிக்குள்ள சாஞ்சு கிடந்தார். சட்டை முழுக்க வேர்வை. கை நடுங்குது.

"வலை இழுக்கக்குள்ள பேச்சுக் குழறிச்சு புள்ள" எண்டார் மாமா. "என்ட போத்தலில கிடந்த சீனி போட்ட வெறுந்தேத்தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தன். இப்பதான் தெளிவா முழிக்கார்."

நான் பக்கத்தில குந்தினன். "அப்பா, காலையில என்ன சாப்பிட்ட நீங்க?"

"ஒண்டுமில்ல மகள். கிளினிக்கில தந்த சீனிக் குளிசை மட்டும் போட்டன்."

"நேத்து ராவு?"

"பெரிசா இல்ல... நீதானே சொன்ன, குறைச்சா நல்லம் எண்டு."

சீனி கூடி இல்ல... சீனி இறங்கித்தான் விழுந்திருக்கார். வெறும் வயித்தில குளிசை. என்ன சாப்பிடக்கூடாது எண்டு மணிக்கணக்கா சொன்ன நான், என்னத்தை, எப்ப சாப்பிடணும் எண்டு ஒரு வார்த்தை சொல்லல்ல.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம். டொக்டர் குளிசையக் குறைச்சு, சாப்பிடாமப் போடவே கூடாது எண்டு சொல்லி அனுப்பினார். அம்மா என்னை ஏசல்ல. ஏசியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

அடுத்த நாள் நானே சமைச்சன். அளவாச் சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலைச் சுண்டல், வாவி மீன் ஆணம். ஓரத்தில, பக்கத்து வீட்டில கேட்டு வாங்கின பயத்தம் பணியாரத்தில பாதி.

அப்பா அந்தப் பாதியக் கையில எடுத்திட்டு என்னைப் பாத்தார்.

"இதத் தின்னலாமா மகள்?"

தன்ட வீட்டில, தன்ட சோத்துக் கோப்பையில இருக்கிறதுக்கு அந்த மனுசன் என்னட்ட உத்தரவு கேட்டார். தலையாட்டிட்டு அடுப்படிக்குள்ள போய் அழுதன்.

அதுக்குப் பிறகு பதினொரு வருசம் இருந்தார். ரெண்டு காலோடயும்தான் போனார். ஒவ்வொரு வருசமும் பலகாரம் சுட்டம், கொஞ்சமா. லீவில நிண்டா அவரோட ஒண்டா இருந்துதான் சாப்பிடுவன்.

அப்ப வருசத்துக்கும் தீவாளிக்கும் மட்டும் கண்ட பலகாரம் இப்ப எந்த நாளும் பேக்கரியில கிடக்கு. சாப்பிடக்கூடாத சாமான் லிஸ்ட்டும் எந்த நாளும் வாட்ஸப்பில வருது.

எனக்கும் இப்ப சீனி.

கொழும்பில வேலை செய்யிற மகள் நேத்து ஒரு லிஸ்ட் அனுப்பியிருந்தாள். "அம்மா, இந்த வருசத்துக்கு இதில ஒண்டையும் தொடக்கூடாது."

அத அடிவரைக்கும் வாசிச்சன். பிறகு பதில் எழுதினன்.

"சரி புள்ள. நீ எப்ப வாறாய்? சேர்ந்து சாப்பிடுவம்."

ரெண்டு கோடும் நீலமாகிட்டு, வாசிச்சிட்டாள். பதில் இன்னும் வரல்ல...